உங்களுக்குத் தெரியுமா? ஒரே பந்தி, ஒரே சாப்பாடு... அலர்ஜி உள்ள குழந்தைக்கும்!

ஒரு வேர்க்கடலைப் பருப்பை எடுங்கள். நூறு துணுக்காக நொறுக்குங்கள். அதில் ஒரே ஒரு துணுக்கு போதும்! கடலை அலர்ஜி உள்ள 100 பேர் அதைச் சாப்பிட்டால் 5 பேருக்கு ஏதாவது ஒரு விளைவு தெரியலாம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு போட்ட கணக்கு இது. புரத அளவில் வெறும் 2 மில்லிகிராம்!

முந்திரி, பாதாம், வால்நட்? அதே குழுவின் கணக்கில் 1 மில்லிகிராம். இறால்? 200 மில்லிகிராம்! ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு குழந்தைகளின் அலர்ஜிக்கு நடுவே 200 மடங்கு வித்தியாசம்!

அமெரிக்காவில் 100 குழந்தைகளில் 7 அல்லது 8 பேருக்கு உணவு அலர்ஜி. 2018-ல் வெளிவந்த ஆய்வு இது. அதிலும் 100-க்கு 40 பேருக்கு ஒன்றல்ல, இரண்டு மூன்று உணவு ஆகாது. பிறந்தநாள் விருந்துக்கு 25 பேரைக் கூப்பிட்டால் சராசரியாக இரண்டு பேர் பட்டியலோடு வருவார்கள்!

அதையும் தாண்டிவிட்டது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன்! அங்கே 2,800-க்கு மேற்பட்ட ஒரு வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். பத்தில் ஒரு குழந்தைக்கு மேல் உணவு அலர்ஜி! பச்சை முட்டை மட்டுமே 8.9 சதவீதம்!

அதே ஆஸ்திரேலியாவில் இன்னொரு விசித்திரம். ஆசியாவில் பிறந்து அங்கே குடியேறிய பிள்ளைக்குக் கடலை, கொட்டை அலர்ஜி குறைவு. ஆசியப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பிள்ளைக்கு அதிகம்! ரத்தம் ஒன்றுதான். பிறந்த ஊர்தான் வேறு!

நம் பக்கத்து மாநிலம் எப்படி? கர்நாடகப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வில் கிடைத்த விகிதம் 0.14 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ! ஆனால் அந்த ஒரு பிள்ளை உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தால் சதவீதத்தை வைத்து என்ன செய்ய?

நம்ம அடுப்படிக்கு வாங்க!

சாம்பாரில் கோதுமை இருக்கிறது. ஆமாம், சாம்பாரில்தான்! கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் இல்லை. பிசினும் மாவும் சேர்த்துத்தான் கட்டி ஆக்குகிறார்கள். பல கம்பெனிகளில் அந்த மாவு மைதா! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். கோதுமை ஆகாத குழந்தைக்கு ரசம் ஊற்றுமுன் இதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்!

இதோ இன்னொரு குண்டு. கடுகு! ஐரோப்பாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 அலர்ஜிப் பொருள்களில் கடுகும் ஒன்று. கனடாவிலும் அப்படியே. நாம் எதைத் தாளிக்காமல் விட்டோம்? தயிர்சாதம், பொரியல், கூட்டு, சட்னி, ரசம்... ஒன்றுகூடத் தப்பாது!

கோயில் புளியோதரையை ஐரோப்பியப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வேர்க்கடலை ஒன்று. எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்து இரண்டு. கடுகு மூன்று. பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் மைதா நான்கு. ஒரு தொன்னைக்குள் 14-ல் 4!

வெண்பொங்கல்? நெய், முந்திரி, பெருங்காயம். மூன்று!

வெறும் இட்லி? அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. பால் இல்லை, முட்டை இல்லை, கோதுமை இல்லை, சோயா இல்லை, எள் இல்லை, மீன் இல்லை. 14-ல் பூஜ்யம்! ஐரோப்பியச் சமையல்காரர்கள் அலர்ஜி இல்லாத ரொட்டிக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நாம் தினமும் காலையில் ஆவியில் வேகவைக்கிறோம்!

ஆனால் இட்லித் தட்டில் என்ன எண்ணெய் தடவினீர்கள்? நல்லெண்ணெயா? போச்சு! பூஜ்யம் ஒன்றாகிவிட்டது. எள்!

அதே நல்லெண்ணெய்தான் இட்லிப் பொடியிலும். அந்தப் பொடியிலும் எள். முறுக்கில் எள். தட்டையில் எள். அதிரசத்திலும் எள் தூவும் வீடுகள் உண்டு. இவ்வளவு எள் தின்னும் நம் நாட்டில், உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் போடவேண்டிய அலர்ஜிப் பட்டியலில் எள் இல்லை! 2020-ல் வந்த விதிமுறையில் கோதுமை உண்டு, பால் உண்டு, முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, கொட்டைகள், சோயா, சல்ஃபைட் எல்லாம் உண்டு. எள்ளும் கடுகும் மிஸ்ஸிங்!

கொண்டைக்கடலையும் அந்தப் பட்டியலில் இல்லை. மும்பை மருத்துவர்கள் 2001-லேயே எழுதிவிட்டார்கள், இந்தியத் துணைக்கண்டத்தின் முக்கியமான அலர்ஜி உணவு கொண்டைக்கடலை என்று. பஜ்ஜி, போண்டா, மைசூர்பாகு, சுண்டல்... எண்ணிக்கொண்டே போகலாம்!

மரச்செக்கு எண்ணெய்ப் பிரியர்களா நீங்கள்? கேளுங்கள் இந்தக் கதையை. 1997-ல் இங்கிலாந்தில் கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்கு இரண்டு வகைக் கடலை எண்ணெய் கொடுத்துச் சோதித்தார்கள். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய்க்கு ஒருவர்கூட அசையவில்லை. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு? 6 பேருக்கு அலர்ஜி! பிரச்சினை எண்ணெயில் இல்லை, அதில் தங்கிய புரதத்தில். கடலை ஆகாத பிள்ளைக்குச் செக்கு எண்ணெய்தான் வில்லன்!

தோசைக்கல்லுக்குச் சோப்பு போடும் வீடு உண்டா? அரை வெங்காயத்தால் ஒரு தேய், அவ்வளவுதான். அதே கல்லில் முதல் ஆளுக்கு முட்டை தோசை, இரண்டாவது ஆளுக்குச் சாதா தோசை. முட்டை ஆகாத குழந்தை இரண்டாவது ஆளாக இருந்தால்? கல்லைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வரிசையை மாற்றுங்கள், முடிந்தது கதை. முதல் தோசை அந்தக் குழந்தைக்கு!

எண்ணெய்ச் சட்டியும் அப்படித்தான். இறால் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் அது இறால் அப்பளம்! கொதிக்கும் எண்ணெய் அலர்ஜியை எரித்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இறாலின் அலர்ஜிப் புரதம் சூட்டுக்கு அசையாது!

அந்த இறால் புரதத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். யார் தெரியுமா? கரப்பான் பூச்சி! தூசியில் வாழும் பூச்சியும் அதே குடும்பம்தான். மத விதிப்படி இறாலைத் தொட்டே பார்க்காத யூதர்கள் சிலரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இறாலுக்கு எதிரான எதிர்ப்பொருள் அங்கே தயாராக இருந்தது! வீட்டுத் தூசி செய்த வேலை!

முந்திரியும் மாம்பழமும் ஒரே தாவரக் குடும்பம். பிஸ்தாவும் அதே குடும்பம்! பிஸ்தா ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் முந்திரியும் ஆகாது. பாயசத்தில் ‘முந்திரி போடலைங்க, பிஸ்தாதான் போட்டேன்’ என்று பெருமையாகச் சொல்லாதீர்கள்!

வேர்க்கடலையோ கொட்டையே இல்லை. அது உளுந்து, துவரையோடு சேர்ந்த பயறுக் குடும்பம்!

தேங்காய்? அமெரிக்க அரசு அதைப் பல வருடம் மரக்கொட்டை அலர்ஜிப் பட்டியலில் வைத்திருந்தது. 2025 ஜனவரியில்தான் எடுத்தார்கள்! தேங்காய் அலர்ஜி இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. அபூர்வம், ஆனால் உண்டு.

அதனால் கொட்டையும் பாலும் கோதுமையும் ஆகாத பிள்ளைகள் வரும் விருந்துக்கு ஒரு பாயசம் சொல்கிறேன். ஜவ்வரிசி, வெல்லம், தேங்காய்ப்பால். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். முந்திரிக்குப் பதில் பொடிப்பொடியாய் நறுக்கிச் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல். பாலும் இல்லை, கோதுமையும் இல்லை, கொட்டையும் இல்லை. தேங்காய் ஆகுமா என்று மட்டும் அந்தத் தாயிடம் கேட்டுவிடுங்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அண்டாவிலிருந்து ஒரே கரண்டி!

பசும்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்லும் பாட்டிமார் ஊருக்கு நாலு பேர். ஆராய்ச்சி என்ன சொல்கிறது? பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் 10-ல் 9 பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது! எருமைப்பாலும் அதே கும்பல்தான்.

கோழி முட்டை ஆகாவிட்டால் வாத்து முட்டை, காடை முட்டை? அதுவும் வேண்டாம்!

கைக்கு உறை போட்டுக்கொண்டு சமைக்கிறீர்களா? சபாஷ். ரப்பர் உறையா? ஐயோ! ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்களில் பலருக்கு வாழைப்பழமும் கிவியும் அவகாடோவும்கூட ஆகாது. உணவகங்களில் ரப்பர் உறைக்குத் தடை போட்ட அமெரிக்க மாநிலங்கள் பல!

வாழைப்பழம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு! அலர்ஜி என்ற பேச்சே எழாத காலத்திலிருந்து, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மாற்று. அதே தமிழ்நாட்டுக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவை கிச்சடி... எல்லாம் கோதுமை! கோதுமை ஆகாத பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் கைகொடுப்பது அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும், பெருங்காயத்தில் மைதா இல்லையென்றால்!

ஜப்பான் பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்ததும்...

பள்ளிச் சாப்பாட்டில் அலர்ஜியைப் பிடித்துக் கட்டிப்போட்ட நாடு எது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஜப்பானைச் சொல்வேன். ஏறத்தாழ 90 லட்சம் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள்!

தொடக்கம் 1889. யமகதா மாகாணம், சுருவோகா ஊர். ஒரு புத்தர் கோயில் வளாகத்துப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை, சுட்ட மீன், ஊறுகாய். இலவசம்!

2004-ல் ஜப்பான் பள்ளிப் பிள்ளைகளில் உணவு அலர்ஜி 2.6 சதவீதம். 2013-ல் 4.5. 2022-ல் 6.3! 20 வருடத்துக்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது!

அங்கே பள்ளிகள் நான்கு படிகள் வைத்திருக்கின்றன. முதல் படி, ஒவ்வொரு உணவிலும் என்னென்ன இருக்கிறது என்று விலாவாரியான பட்டியல் வீட்டுக்குப் போகும். இரண்டாவது, வீட்டிலிருந்து டப்பா. மூன்றாவது, ஆகாத பொருளை மட்டும் நீக்கிச் சமைத்த சாப்பாடு. நான்காவதுதான் உச்சம்! நீக்கியதோடு விடாமல், அந்த இடத்தில் வேறொன்றை வைத்து நிரப்பிய சாப்பாடு!

நம்மூர் அம்மாக்களுக்குப் பிடிக்காத ஒரு விதி அங்கே உண்டு. ‘கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சுக்கே இடமில்லை! உண்டா, இல்லையா? இரண்டே பதில். அரைக் கரண்டி ஆகும், ஒரு கரண்டி ஆகாது என்றெல்லாம் ஆளுக்கு ஆள் அளந்துகொண்டிருந்தால் அடுப்படியில் குழம்பிவிடும். 2015-ல் கல்வி அமைச்சகமே எழுத்தில் போட்டுவிட்டது!

அதே வழிகாட்டுதலில் இன்னொரு ரத்தினம். உணவின் பெயரிலேயே ஆபத்து தெரிய வேண்டும்! சீஸ் போட்ட பரங்கிக்காய்க் கட்லெட்டுக்கு ‘பரங்கிக் கட்லெட்’ என்று பெயர் வைத்தால் தப்பு. ‘பரங்கி சீஸ் கட்லெட்’! நம் கல்யாண மெனுக்களில் ‘ஸ்பெஷல் ஸ்வீட்’ என்று மட்டும் அச்சடிக்கிறார்களே, அவர்கள் கொஞ்சம் கவனிக்கட்டும்.

சோயா சாஸில் கோதுமை இருக்கிறது. ஆனால் ஜப்பானில் கோதுமை அலர்ஜிப் பிள்ளைகள் பெரும்பாலோர் அதைச் சாப்பிடுகிறார்கள்! நொதித்தலில் புரதம் சிதைந்துவிடுகிறது. அந்தச் சாஸுக்கும் தாங்காத பிள்ளையா? அப்படியென்றால் வீட்டு டப்பாதான் நல்லது என்கிறது அரசு! அலர்ஜியின் கடுமையை அளக்க இதைவிடச் சுலபமான கோடு உண்டா?

பள்ளி முதல்வர்தான் முதல் வாய்! பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு 30 நிமிடம் முன்பே சாப்பாடு அவர் மேஜைக்குப் போய்விட வேண்டும்.

பிறகு ஒவ்வொரு உணவிலும் 50 கிராம் எடுத்து உறைபெட்டியில் வைக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரி. எத்தனை நாள்? இரண்டு வாரம்! யாருக்காவது ஏதாவது ஆனால் அன்றைய சாப்பாடே சாட்சி சொல்லும்!

அலர்ஜிப் பிள்ளையின் தட்டு பல பள்ளிகளில் தனி நிறம். கிண்ணத்தின் மூடியில் பெயர், வகுப்பு, நீக்கிய பொருள். பெரிய சமையல் கூடங்களில் அலர்ஜிச் சமையலுக்கென்று தனி அறை, தனிப் பாத்திரம்! அங்கே பிள்ளைகள்தான் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே வகுப்பறையில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

இவ்வளவும் சும்மா வரவில்லை. 2012 டிசம்பர் 20. டோக்கியோவைச் சேர்ந்த சோஃபு நகரம். பால் அலர்ஜி உள்ள 5-ஆம் வகுப்பு மாணவி. அன்றைக்குக் கொரியப் பாணி அடை. அவளுக்கென்று சீஸ் போடாமல் தனியாகச் சுட்டுக் கொடுத்தார்கள். சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை கேட்டாள். வந்தது எல்லோருக்கும் சுட்ட அடை. அதில் சீஸ். அவள் பிழைக்கவில்லை. முதல் பரிமாறலில் எல்லாம் சரியாக இருந்தது. இடிந்தது இரண்டாவதில்!

பந்தியில் மறுசோறு கேட்கும் குழந்தையைக் கவனியுங்கள். ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா கண்ணு?’ என்று வாளியோடு வரும் சித்தப்பாவுக்குத்தான் முதலில் விஷயத்தைச் சொல்ல வேண்டும்!

பக்வீட் என்ற தானியம் ஜப்பானில் நூடுல்ஸ் ஆகும். அதன் உமியைத் தலையணைக்குள்ளும் அடைக்கிறார்கள்! பல ஊர்ப் பள்ளி அடுப்படிகளில் பக்வீட்டும் வேர்க்கடலையும் வாசற்படி ஏறவே கூடாது.

ஜப்பானில் 2024-ல் பொட்டலத்தில் கட்டாயம் எழுத வேண்டியிருந்த அலர்ஜிகள் 8. எட்டாவதாக 2023-ல் சேர்ந்தது வால்நட். எழுதச் சொல்லிப் பரிந்துரைத்தவை இன்னும் 20. மொத்தம் 28! அந்த 20-ல் ஆனைவிலை விற்கும் மாட்சுடாகே காளானும் இருந்தது. அந்த வருடம்தான் அதைத் தூக்கிவிட்டு மகடாமியா கொட்டையைச் சேர்த்தார்கள். காரணம்? அந்தக் காளானால் அவதிப்பட்டவர்கள் அவ்வளவு அபூர்வம்!

சோப்பு தேய்த்து முகம் கழுவியே கோதுமை அலர்ஜி வந்த கதையும் ஜப்பானில்தான். கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பு. பாதிக்கப்பட்டவர்கள் 2,000-க்கு மேல்! அதுவரை ரொட்டி தின்று சந்தோஷமாக இருந்தவர்கள்!

கையைக் கழுவுனீங்களா?

கிருமி கொல்லும் சானிடைசர் கடலையைக் கொல்லாது! அமெரிக்க ஆய்வில் சானிடைசர் தேய்த்த கையிலும், வெறும் தண்ணீரில் கழுவிய கையிலும் கடலைப் புரதம் மிச்சமிருந்தது. சோப்பு போட்ட கையில் இல்லை. ஈரத்தாள் போட்டுத் துடைத்த கையிலும் இல்லை. 10 ரூபாய் சோப்பு ஜெயித்தது!

கடலை வெண்ணெயின் வாசனையே ஆளை வீழ்த்தும் என்று பயப்படுகிறீர்களா? 2003-ல் கடுமையான கடலை அலர்ஜி உள்ள 30 பிள்ளைகளின் முகத்துக்கு ஓரடி தள்ளி, 10 நிமிடம் கடலை வெண்ணெயை வைத்துப் பார்த்தார்கள். ஆபத்தான விளைவு வந்தது எத்தனை பேருக்கு? ஒருவருக்கும் இல்லை! (மருத்துவமனையில், டாக்டர் முன்னால் நடந்தது. நம் வீட்டுக் கூடத்தில் வேண்டாம்!) மீன் கொதிக்கும் ஆவி வேறு கதை. அது சிலருக்கு மூச்சை இழுக்க வைக்கும்.

பள்ளி முழுக்கக் கடலைக்குத் தடை போட்டால் நிம்மதிதானே? மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கணக்குப் பார்த்தார்கள். தடை போட்ட பள்ளிக்கும் போடாத பள்ளிக்கும் அவசர ஊசி போட்ட எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை! ஆனால் கடலை வராத ஒரு தனி மேஜை வைத்திருந்த பள்ளிகளில்? குறைந்திருந்தது!

‘இதில் கடலை கலந்திருக்கலாம்’ என்று பிஸ்கட் உறையில் படித்திருப்பீர்களே? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்த வரி கட்டாயமே இல்லை! கம்பெனி இஷ்டப்பட்டால் போடலாம். போடவில்லை என்றால் கலக்கவில்லை என்று அர்த்தமும் இல்லை!

சீரகப் பொடியில் வேர்க்கடலை! 2014 கடைசியில் தொடங்கி 2015 வரை அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 2024-ல் பிரிட்டனில் கடுகுப் பொடியில் அதே கூத்து. கடலை ஆகாதவர்கள் கடுகு சேர்த்த எதையும் தொடாதீர்கள் என்று அரசே அறிவித்தது. முழுச் சீரகமாய் வாங்கி வீட்டிலேயே பொடிக்கும் நம் அம்மாக்களுக்கு ஒரு சலாம்!

சட்டம் போட்டால் உணவு பாதுகாப்பாகும் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம். சில ரொட்டி கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? எள் இல்லாத ரொட்டியிலும் வேண்டுமென்றே எள்ளைச் சேர்த்துவிட்டு, ‘எள் உண்டு’ என்று அச்சடித்துவிட்டன! ஆலையைத் துலக்குவதைவிட அது சுலபமாம்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிரிட்டனில் ஒரு சட்டத்துக்கு ஒரு சிறுமியின் பெயர். நடாஷா சட்டம்! 2016-ல் ரொட்டி மாவுக்குள் வெளியே தெரியாமல் இருந்த எள்ளால் இறந்தபோது நடாஷாவுக்கு வயது 15. 2021 அக்டோபர் 1 முதல், கடையிலேயே செய்து கட்டி வைக்கும் சாண்ட்விச்சுக்கும் முழுப் பொருள் பட்டியல் கட்டாயம்!

சிங்கப்பூரில் 1990-களில் பிள்ளைகளுக்கு உயிராபத்தான உணவு அலர்ஜியை அதிகம் கிளப்பியது கடலையா? இறாலா? ரெண்டும் இல்லை. பறவைக் கூடு! உழவாரன் இனப் பறவை எச்சிலால் கட்டும் கூட்டை சூப் வைத்துக் கொடுத்தார்கள், உடம்புக்கு நல்லதென்று!

அமெரிக்காவில் ஹாலோவீன் அன்று வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காய் இருந்தால், அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதில் பொம்மையும் கிடைக்கும்! நாடு முழுக்கப் பரவியது 2014-ல். அலர்ஜிப் பிள்ளையும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

டாக்டர்களே தலைகீழாக மாறிய கதை!

2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்னது, அலர்ஜி வரக்கூடிய பிள்ளைக்கு 3 வயது வரை கடலையே வேண்டாம். 2008-ல் அதே சங்கம் வாபஸ் வாங்கியது. 2015-ல் லண்டனிலிருந்து வந்தது ஒரு ஆய்வு. 640 கைக்குழந்தைகள்! கடலையைச் சீக்கிரமே ஊட்டிய குழுவில் அலர்ஜி ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? இஸ்ரேலில் பிள்ளைகள் கொறிக்கும் ‘பம்பா’ என்ற கடலைப் பொரியிலிருந்து! பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி இஸ்ரேல் பிள்ளைகளைவிட 10 மடங்கு!

முட்டைக்கும் அப்படியே. தோல் அரிப்பு உள்ள ஜப்பான் குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்தே சூடுபடுத்திய முட்டைப் பொடியைத் துளித்துளியாகக் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை அலர்ஜி 8 சதவீதம். கொடுக்காத குழுவில் 38! வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்!

ஃபின்லாந்து இன்னும் ஒரு படி மேலே. 2008-ல் பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். தேவையில்லாமல் விலக்கி வைத்த உணவுகளை டாக்டர் துணையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். குழந்தைக் காப்பகங்களில் தனிச் சாப்பாடு கேட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை பாதியானது!

வெறும் வேர்க்கடலை மாவு மருந்துக் கடைக்குப் போன கதை தெரியுமா? 2020 ஜனவரியில் அமெரிக்கா அதற்கு மருந்தாகவே அனுமதி கொடுத்தது. முதல் அளவு அரை மில்லிகிராம்! ஏறி ஏறி 300 மில்லிகிராமில் நிற்கும்.

குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது, உதடு வீங்குகிறது என்றால் அலர்ஜி மாத்திரை காப்பாற்றாது. அட்ரினலின்தான்! தொடையில் ஊசி, உடுப்பின் மேலேயே குத்தலாம். 2024-ல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேவும் அமெரிக்காவில் வந்துவிட்டது. அட்ரினலினை முதன்முதலில் தூய படிகமாக்கியவர் ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர். வாஷிங்டனுக்குச் செர்ரி மரங்கள் போனதிலும் அவர் கை உண்டு!

முட்டை அலர்ஜிப் பிள்ளைகளில் 10-ல் 7 பேர் நன்றாக வெந்த கேக்கைச் சாப்பிட முடியும்! ஆம்லெட்டுக்குத் தாங்காத அதே பிள்ளை! யார் அந்த 7, யார் அந்த 3 என்று டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். பிறந்தநாள் பார்ட்டி அதற்கு இடமில்லை.

அதனால் கேக்கில் முட்டையே வேண்டாம் என்கிறீர்களா? பிரான்சில் ஜோயல் ரோசெல் என்ற பாடகர் 2014-ல் ஒரு கூத்துப் பண்ணினார். பயறு வேகவைத்த தண்ணீரை நுரைக்க அடித்துப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி பொங்கியது! அடுத்த வருடமே கொண்டைக்கடலைத் தண்ணீர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 3 மேசைக்கரண்டி சேர்ந்தால் ஒரு முட்டை! நாம் இத்தனை காலம் சுண்டல் வேகவைத்துச் சாக்கடையில் ஊற்றியது எத்தனை கேக்!

என்னது, உங்கள் வீட்டுப் பந்திக்கு வரும் பிள்ளைக்குக் கொண்டைக்கடலையும் ஆகாதா? கவலையே படாதீர்கள். ஆளிவிதைப் பொடி 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி. பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஆளிவிதை ஆகும் என்று கேட்டுக்கொண்டு கலக்குங்கள். வழவழவென்று ஒரு முட்டை ரெடி!